பெத்தா படித்த புத்தகம்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வாழைச்சேனையைக் கடந்து வாகரையை நோக்கிச் செல்வோர் வழியிற் காணும் சிற்றூர்களுள் ஒன்று மாங்கேணி. கிழக்கே வங்கக்கடல், மேற்கே காடும் தரவையும் களப்பு நீரும். இரவு எட்டு மணிக்கே இங்கு ஊர் அடங்கிவிடுகின்றது. கரைவலை இழுப்போர் விடியுமுன் எழ வேண்டியவர்கள். வள்ளமேறிச் செல்வோர் அதற்கும் முன்னரே கடலில் இருப்பவர்கள். அந்நேரத்தில் விளக்கு அணையாத வீடுகள் சிலவே. எமது வீடு அவற்றுள் ஒன்று. நுளம்புவலைக்குள்ளே எமது நான்கு வயது மகள், படப்புத்தகம் ஒன்றை மார்பின்மீது வைத்துக்கொண்டு எமக்காகக் காத்திருப்பாள். துணைவியார் வைத்தியசாலையில் தாதியாகப் பணிபுரிபவர். இரவுக் கடமை அவருக்கு அடிக்கடி வருவதால், மகளை உறங்கவைக்கும் பொறுப்பு பெரும்பாலும் எம்மைச் சார்ந்ததாகின்றது.

குழந்தைக்குப் படம் காட்டி உறங்கவைப்பதும் ஒரு செய்தியா, அதனை ஓர் இலக்கிய ஏட்டில் எழுதவும் வேண்டுமா என வாசகர் வினவக்கூடும். நாமும் அவ்வாறு எண்ணியிருந்தவர்தாம். வந்தாறுமூலை வளாகத்திலே நான்கு ஆண்டுகள் தமிழ் கற்றோம். சங்கச் செய்யுளுக்குத் திணையும் துறையும் வகுக்க அறிந்தோம். உயர்தர வகுப்பு மாணவர்க்கு இலக்கணம் விளக்கவும் பழகினோம். ஆயின் ஒரு குழந்தைக்கு ஒரு புத்தகத்தை எவ்வாறு படித்துக் காட்டுவதென்பதை எமக்கு எவரும் கற்பிக்கவில்லை. அதனைக் கற்பித்தவர், தம் பெயரையன்றி வேறெதனையும் எழுத அறியாத ஒரு மூதாட்டி. அக்கதையைச் சொல்லவே இதனை எழுத முற்பட்டோம்.

எமது வீட்டுக்கு வந்த முதற் படப்புத்தகம், இலண்டனில் வாழும் உறவினர் ஒருவர் மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்கு அனுப்பிவைத்தது. எரிக் கார்ல் என்னும் அமெரிக்க ஓவியர் 1969 இல் வெளியிட்ட, பசி தீராத புழுவின் கதை. உலகமெங்கும் அறியப்பட்ட நூல். திங்கட்கிழமை ஓர் அப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய் என ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கனியைத் துளைத்துத் தின்று செல்லும் அப்புழு, இறுதியில் கூட்டுள் அடங்கி வண்ணத்துப்பூச்சியாய் வெளிவருகின்றது. புழு தின்ற இடங்களில் தாளிலேயே துளைகள் இருக்கும். சின்னஞ்சிறு விரல்கள் அத்துளைகளுள் நுழைந்து நுழைந்து மீளும்.

நாம் அந்நூலை ஆசிரியர் என்ற முறையிலேயே கையிலெடுத்தோம். ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாக உச்சரித்தோம். "இது பேரிக்காய். இது பிளம். இது ஸ்ட்ரோபெரி. குளிர் நாடுகளில் விளைவது" என்று விளக்கினோம். மகள் பேசாது கேட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக்குரிய பக்கத்தில், புழு தின்னும் பத்துப் பண்டங்கள் வரிசையாக வரையப்பட்டிருக்கும். கேக்கு, ஐஸ்கிரீம், பாலாடைக்கட்டி, பதனிட்ட இறைச்சி எனச் செல்லும் அவ்வரிசையின் கடைக்கோடியிலே ஒரு துண்டு வத்தகப்பழம். அதனைக் கண்டதும் அவள் துள்ளி எழுந்தாள். "அப்பா, வத்தகப்பழம்! எங்கட வத்தகப்பழம்!" அதன்பின் ஒவ்வோர் இரவும் அவள் முதலில் திறந்தது அந்தப் பக்கத்தையே. ஏனைய பக்கங்களை நாம் விளக்கும்போது அவள் கொட்டாவி விட்டாள். குழந்தைக்குக் கவனம் போதாதென நாம் எண்ணினோம். கவனம் போதாதிருந்தது எமக்கே என்பது பின்னர்தான் விளங்கிற்று.

எமது வேலிக்கு அப்பால் வாழ்பவர் அம்மூதாட்டி. தாயைப் பெற்ற பாட்டியைப் பெத்தா என்றழைப்பது எம் பகுதி வழக்கு. அவரோ எமது ஒழுங்கையிலுள்ள பிள்ளைகள் அனைவருக்குமே பெத்தா. கருவாடு காயவைத்து விற்று வாழ்பவர். அவருடைய மகள் சவூதி அரேபியாவில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கின்றாள். மகள் பெற்ற ஐந்து வயதுப் பேரன் பெத்தாவின் பொறுப்பிலே வளர்கின்றான். மருமகன் கடற்றொழிலாளி. மகன் விழித்திருக்கும் நேரத்தில் உறங்குவதும், உறங்கும் நேரத்தில் கடலில் நிற்பதும் அவருடைய தொழிலின் விதி.

ஒருநாள் இரவு மின்சாரம் நின்றுபோனது. எம் வீட்டில் மின்கல விளக்கு எரிவதைக் கண்ட பேரன், பெத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துசேர்ந்தான். நாம் மாணவரின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். மகள் புழுப் புத்தகத்தைத் தூக்கிச் சென்று பெத்தாவின் மடியில் வைத்தாள். "சேர், எனக்கு வாசிக்கத் தெரியாதே" என்று அவர் கூசிச் சிரித்தார். பின்னர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் உற்று நோக்கினார். "இதென்னகா, முருங்கையில கிடக்கிற மயிர்க்கொட்டியெல்லோ?" என்றார்.

அவ்வளவே. கதை தொடங்கிவிட்டது. பேரிக்காய் கொய்யாப்பழமாயிற்று. பிளம் நாவற்பழமாயிற்று. நாம் குளிர் நாட்டுக் கனியென விளக்கிய செந்நிறப் பழம், காட்டோரத்தில் பறித்துத் தின்னும் வீரைப்பழமாயிற்று. தோடம்பழம் மட்டும் தோடம்பழமாகவே நின்றது. சனிக்கிழமை கண்டதையெல்லாம் தின்ற மயிர்க்கொட்டிக்கு வயிறு கடகடவென்று இரைந்தது. அதற்குப் பெத்தா ஓமத்தண்ணீர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அது முருங்கையிலை தின்று சுகமடைந்தது. பிள்ளைகள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தனர். துளைகளுள் விரலை நுழைத்து எண்ணினர். ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுவதற்கு எம் மகள் அன்றுதான் கற்றுக்கொண்டாள். நாம் ஒரு மாத காலம் விளக்கியும் அது நிகழவில்லை.

விடைத்தாள்களை ஒரு புறம் வைத்துவிட்டு நாம் நெடுநேரம் சிந்தித்தோம். அப்பொழுது எமது நினைவுக்கு வந்தது வேறொரு புத்தகம். 2004 டிசம்பர் 26 ஆந் தேதி கடல் எழுந்து வந்து இக்கரையோரத்து ஊர்களை அழித்தபோது நாம் பதின்மூன்று வயதுச் சிறுவர். முகாமிலே தறப்பாள் கூடாரத்துள் வாழ்ந்த அந்நாட்களில், வெளிநாட்டு உதவிப் பெட்டியொன்றினுள் உடுப்புகளோடு ஒரு படப்புத்தகமும் வந்தது. எம்மில் எவரும் அறியாத மொழி. அட்டையிலே ஒரு கரடி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எம் தாயார், எம் சிறு தங்கைக்கு ஒவ்வோர் இரவும் அப்படங்களைக் கொண்டே புதிது புதிதாகக் கதை சொன்னார். கரடிக்கும் வீடு இல்லை என்பது மட்டும் எல்லாக் கதைகளிலும் மாறாதிருந்தது. தங்கை உறங்கினாள். அலைக்கு அஞ்சி அழுதுகொண்டிருந்த பிள்ளை, கரடிக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு உறங்கினாள். பட்டம் பெற்றபின் அதனை நாம் மறந்துபோனோம். எழுத்தைக் கற்றவன் எழுத்தில்லாதவர் படிக்கும் முறையை மறந்துவிடுகின்றான் போலும்.

மற்றெந்த நூலும் எழுத்தறியாதவரைத் தன் வாயிலிலேயே நிறுத்திவிடும். படப்புத்தகம் அவரை உள்ளே அழைத்து, இருக்கையும் கொடுக்கின்றது. ஆதலால் அதனைச் சிறுவர்க்குரிய விளையாட்டுப் பண்டமென ஒதுக்குவது பெரும் பிழை. பாட்டியின் நாவன்மையும் அச்சிட்ட தாளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் அது.

சிறுவர்க்கெனப் படங்களால் அமைந்த பாடநூலைத் தந்த முன்னோடியாக உலகம் போற்றுவது கொமேனியசு என்னும் ஆசிரியரையாகும். 1658 இல் நூரம்பேர்க்கு நகரில் அவருடைய நூல் வெளிவந்தது. உலகப் பொருள்களைப் படத்தில் காட்டி, அருகே அவற்றின் பெயர்களை இலத்தீனிலும் ஜேர்மன் மொழியிலும் தந்தது அந்நூல். அவர் எத்தகைய வாழ்வினர் என்பதை எண்ணும்போது எம் நெஞ்சம் நெகிழ்கின்றது. முப்பதாண்டுப் போரில் தம் ஊரை இழந்தவர். ஓடிய வழியில் மனைவியையும் இரு குழந்தைகளையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். 1656 இல் அடைக்கலம் புகுந்த நகரும் எரிந்தபோது தம் கையெழுத்துப் படிகளையும் இழந்தவர். அகதியாய் நாடு நாடாக அலைந்த ஓர் ஆசிரியர் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் செய்தார் என்பதை, 2006 இன் இறுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் வாகரைப் பகுதியை விட்டு மூட்டைகளோடு வெளியேறிய மக்கள் எளிதில் புரிந்துகொள்வர்.

பெத்தாவும் அன்று அவ்வாறு வெளியேறியவர்களுள் ஒருவர். இன்று சவூதியிலிருக்கும் மகளுக்கு அப்பொழுது எட்டு வயது. அந்த மகள் தன் மகனைப் பிரிந்து செல்ல நேர்ந்த கதையும் இந்நாட்டின் வரலாற்றோடு பிணைந்ததே. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்வதை 2013 இல் அரசு கட்டுப்படுத்தியது. 2022 இல் பொருளாதாரம் நிலைகுலைந்து, அந்நியச் செலாவணி வற்றியபோது, அவ்வயதெல்லை தளர்த்தப்பட்டது. பிள்ளைகளின் நலன் நோக்கி இட்ட வேலி, நாட்டின் கடன் நோக்கித் திறக்கப்பட்டது. பெத்தாவின் மகள் அடுத்த ஆண்டே புறப்பட்டாள். பேரனுக்கு அப்பொழுது மூன்று வயது.

இங்கே இரவு எட்டு மணியாகும்போது அங்கே மாலை ஐந்தரை. அவளுக்கு அது வேலை மிகுந்த வேளை. அவ்வீட்டுக் குழந்தையை உறங்கவைத்து அவள் ஓயும்போது இங்கே நள்ளிரவாகிவிடும். ஆகவே தாயும் மகனும் பேசுவது வெள்ளிக்கிழமைகளிலே மட்டும். அத்தகைய ஒரு வெள்ளிக்கிழமை, பேரன் எம் வீட்டுப் புழுப் புத்தகத்தை இரவல் வாங்கிச் சென்று, தொலைபேசித் திரைக்கு முன்னே விரித்துத் தாய்க்குப் "படித்துக்" காட்டினான். கேட்டிருந்த தாய் சொன்னாளாம்: "இந்தப் புத்தகம் இந்த வீட்டுப் பிள்ளையிட்டயும் இருக்கு மனே. அரபியில. நான் படத்தப் பார்த்துப் பார்த்து அந்தப் பிள்ளைக்குக் கதை சொல்லுறன்."

பெத்தா இதனை எம்மிடம் கூறியபோது, தம் மகளின் கெட்டித்தனத்தை வியந்தே கூறினார். எமக்கோ வேறொன்று தைத்தது. ஒரு தாய், தான் படிக்க அறியாத மொழியிலுள்ள புத்தகத்தைக் கொண்டு, பிறர் குழந்தையை உறங்கவைக்கின்றாள். அவள் ஈன்ற மகன், கடலுக்கு இப்பால், அயல்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய அதே புத்தகத்தோடு விழித்திருக்கின்றான். உறங்கும் நேரத்துக் கதை என்பது அன்பின் விளைவு மட்டுமன்று. பெற்றோருக்கு மாலையில் ஓய்வு வேண்டும். புத்தகம் வாங்கக் காசு வேண்டும். முதலில் பெற்றோர் வீட்டில் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் வாய்த்த குடும்பங்கள் எமது கரையோரத்தில் எத்தனை? மாதச் சம்பளம் பெறும் ஆசிரியன் வீட்டு நுளம்புவலைக்குள் எரியும் விளக்கை நாம் அன்றுமுதல் கூச்சத்தோடுதான் நோக்குகின்றோம்.

இந்நாட்டின் இலவசக் கல்வியைப் பற்றி நாம் பெருமை கொள்கின்றோம். 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் அது நிலைபெற்றிராவிடின், மீனவர் மகனாகிய நாம் பல்கலைக்கழக வாயிலையும் மிதித்திருக்க மாட்டோம். 1980 முதல் பாடநூல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயின் அந்நூல்கள் முதலாம் வகுப்பிலேதான் தொடங்குகின்றன. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில், அறிவின் கண் திறக்கும் அப்பருவத்தில், ஏழைக் குழந்தையின் கைக்கு நூல் கொடுப்பார் எவருமிலர். முதலாம் வகுப்பில் ஒருங்கே அமரும் பிள்ளைகளுள் ஒரு பிள்ளை நூறு இரவுகள் புத்தகத்தைப் புரட்டியிருக்கும். மற்றொரு பிள்ளை புத்தகத்தை எப்பக்கமாகப் பிடிப்பதென்றே அறியாதிருக்கும். இருவருக்கும் ஒரே பாடநூலைக் கொடுத்துச் சமத்துவம் நிலவுகின்றதென்கின்றோம்.

நூல்களே இல்லையென்று கூறுவதற்கில்லை. எமது பெற்றோர் தலைமுறையினருக்கு மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும், 1982 இல் தோன்றிய ராதுகா பதிப்பகமும் வண்ணப்படங்களோடு கூடிய சிறுவர் நூல்களைத் தமிழில் அச்சிட்டு மலிவு விலைக்கு அனுப்பின. 1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அவ்வரவும் நின்றது. சென்னையிலே தூலிகா பதிப்பகம் 1996 முதல் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் படநூல்களை வெளியிட்டு வருகின்றது. மகாசுவேதா தேவி எழுதிய மொய்னா என்னும் பழங்குடிச் சிறுமியின் கதை அவற்றுள் ஒன்று. கண்டதற்கெல்லாம் "ஏன்" என்று கேட்கும் அச்சிறுமி, ஆடு மேய்த்துவிட்டு வரும் தனக்கு ஏற்ற நேரத்திலே பள்ளி நடக்கலாகாதா என்றும் கேட்கின்றாள். பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் இணையத்திலே எவரும் விலையின்றிப் படிக்கவும் அச்சிடவும் கதைகளைத் திறந்து வைத்துள்ளது. அவற்றுள் தமிழ்க் கதைகளும் உள. இலங்கையில் 2005 முதல் ரூம் டு ரீட் நிறுவனம் ஆரம்பப் பாடசாலைகளில் நூலகங்கள் அமைத்ததோடு, தமிழிலும் சிங்களத்திலும் படக்கதைகள் வெளியிட்டது. மட்டக்களப்புக்கோ கதை சொல்லும் மரபு புதியதன்று. 2022 இல் மறைந்த மாஸ்டர் சிவலிங்கம் அவர்கள், மேடையிலே விலங்குகளின் குரலையும் நடையையும் காட்டிக் கதை சொல்லித் தலைமுறை தலைமுறையாகச் சிறுவரை மகிழ்வித்தார்.

இவ்வளவு இருந்தும் மாங்கேணிப் பிள்ளைக்கு எட்டியது யாது? கடல் கடந்து வரும் நூல் விலையிலே எட்டாது. இணையத்திலுள்ளதை அச்சிடத் தாள் வேண்டும். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட நாடு இது. எட்டிய நூல்களிலும் எமது களப்பு இல்லை, கரைவலை இல்லை, கருவாட்டுப் பந்தல் இல்லை. பிறநாட்டுக் கனிகளைக் குழந்தை காணலாகாதென நாம் கூறவில்லை. வத்தகப்பழமும் அந்த வரிசையில் இருந்தமையாற்றான் எம் மகள் அந்நூலைத் தன்னுடையதென்றாள் என்பதையே கூறுகின்றோம்.

ஆகவே சென்ற ஆண்டு ஒரு சிறு முயற்சியில் இறங்கினோம். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், மகளை உறங்கவைப்பதற்காகப் பெத்தா ஒரு கதை சொல்வாராம். களப்பு நண்டொன்றின் கதை. நண்டு வளை தோண்டும். வெள்ளம் வந்து மூடும். நண்டு மறுபடியும் தோண்டும். வழியிலே கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் சந்தித்து, "என்ட வளையக் கண்டீங்களா?" என்று கேட்கும். இதனைப் பெத்தா சொல்லச் சொல்ல எமது ஒன்பதாம் வகுப்பு மாணவர் எழுதினர். பதினாறு பக்கங்களில் படம் வரைந்தனர். மீனவர் பிள்ளைகளாகையால் ஊசியும் நைலோன் வலைநூலும் கொண்டுவந்து அவர்களே தைத்தனர்.

இதிலும் நாம் ஒரு பிழை செய்தோம். பெத்தாவின் பேச்சைத் திருத்தமான தமிழிலே மாற்றியமைத்தோம். "நண்டு தன் உறைவிடத்தை நாடிச் சென்றது" என எழுதிவைத்தோம். முதற் பிரதியை அன்றிரவு மகளுக்குப் படித்துக் காட்டினோம். இரண்டாம் பக்கத்திலேயே அவள் புத்தகத்தை மூடினாள். "இது பெத்தா சொன்ன நண்டு இல்ல" என்றாள். நான்கு ஆண்டு தமிழ் கற்ற எமக்கு அதற்கு மறுமொழி இல்லை. மறுநாள் மாணவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பெத்தாவின் சொற்களையே மீண்டும் எழுதச் செய்தோம். எழுத்துத் தமிழ் எமக்கு உயிரினும் இனியது. அதனைப் பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும். ஆயின் மடியில் இருக்கும் குழந்தைக்கு முதற் சொல், மடி கொடுத்தவரின் சொல்லாகவே இருத்தல் முறை.

பன்னிரண்டு பிரதிகள் தைத்தோம். ஒன்று பெத்தாவின் வீட்டுக்குச் சென்றது. அவ்வெள்ளிக்கிழமை பேரன் அதனைத் திரைக்கு முன்னே விரித்தபோது நாமும் அங்கிருந்தோம். அவன் முதற் பக்கத்தைக் காட்டினான். அடுத்த பக்கத்தை அவன் திருப்புமுன்னரே, அங்கிருந்து தாய் சொல்லத் தொடங்கினாள். வெள்ளம் வருவதும், நண்டு கூழைக்கடாவிடம் கேட்பதும், ஒன்றும் தவறாமல். எட்டு வயதிலே தறப்பாளின் கீழ்க் கேட்ட கதை அவளுக்கு முழுவதும் மனத்தில் இருந்தது. மகன் வியப்போடு பக்கங்களைத் திருப்பினான். தாய் சொல்லிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்தில் அவளுடைய குரல் நின்றது. "பிறகு?" என்றான் மகன். பெத்தாதான் முடித்துவைத்தார்.

வருகின்ற சனவரியில் அவன் முதலாம் வகுப்பில் சேர்கின்றான். தாயின் ஒப்பந்தம் அதற்குள் முடியப்போவதில்லை. இப்பதினாறு பக்கங்கள் அதனை மாற்றிவிடுமென நாம் நம்பவில்லை. தாய் தன் பிள்ளையின் அருகிருந்து உழைத்து வாழும் நிலை வேண்டும்; அதற்கான போராட்டம் வேறு, பெரிது. ஆயினும் அந்நாள் வரும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள் அல்லவா? ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெத்தா இருக்கின்றார். ஒவ்வொரு பாடசாலையிலும் படம் வரையத் தெரிந்த பிள்ளைகள் இருக்கின்றனர். ஆசிரிய நண்பர்கள் செய்ய வேண்டுவது, தாளும் நூலும் கொடுத்துவிட்டு, திருத்தும் பேனாவைச் சற்று மூடிவைப்பதே.

எமது வகுப்பில் இப்பொழுது இரண்டாவது புத்தகம் உருவாகின்றது. இம்முறை கதையும் பேரனுடையது. வத்தகப்பழம் ஒன்று கடலில் மிதந்து சவூதிக்குப் போய்ச் சேரும் கதை. அது திரும்பி வருமா என்பதை அவன் இன்னும் சொல்லவில்லை. மாணவர்கள் கடைசி இரண்டு பக்கங்களை வெறுமையாக வைத்துக்கொண்டு காத்திருக்கின்றனர்.